சிகரட்டை விடுகிற நாட்களில் பக்கத்தில் ஆள் வேண்டும்

சிகரட்டை விடப்போகிறேன் என்று முடிவெடுக்கிற அன்றைக்கு எல்லோருக்கும் உறுதி இருக்கும். நெஞ்சு நோகுது என்று பெரியாஸ்பத்திரிக்கு ஓடி ஈசிஜி எடுத்துவிட்டு வந்தவருக்கு இருக்கும், தூக்கப் போன அப்பாவிடம் பிள்ளை "மணக்குது" என்று முகத்தைத் திருப்பிய அன்று இருக்கும், மாதக் கடைசியில் கடைக் கொப்பியைப் புரட்டும்போதும் இருக்கும். மூன்றாம் நாள் பின்னேரம், வேலை முடிந்து களைத்துப்போய் திருகோணமலை அனுராதபுரச் சந்தியில் பஸ்சுக்கு நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் பத்த வைத்தால் அதே உறுதி இருக்குமா? அனேகமாக இருக்காது. உறுதி ஏறும், இறங்கும், யாருக்கும் அப்படித்தான். அது இறங்கியிருக்கிற அரைமணி நேரத்துக்கு யார் கைகொடுப்பார், என்ன செய்யலாம் என்பதை அது ஏறியிருக்கிற நாட்களிலேயே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். நான் எழுதப் போவது அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

நானும் சிகரட் பத்தி, பிறகு அதை விட்டவன். அதற்குப் பிறகு திருமலையில் எனக்குத் தெரிந்த சிலர் விடும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். தனியாக, ஒருவருக்கும் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு விடப் பார்ப்பதுதான் இருக்கிற வழிகளிலேயே கடினமானது என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் நம்முடைய ஆட்கள் முதலில் எடுக்கிற வழியும் அதுதான். எந்த உதவியும் இல்லாமல் விட முயல்கிறவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் வெற்றி பெறுகிறார்கள் என்றும், ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முன்பு முயன்று விட முடியாமல் போனவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் பிழை இருந்ததால் தோற்கவில்லை, துணை இல்லாமல் போனீர்கள், அவ்வளவுதான்.

முதலில் ஆளைப் பிடியுங்கள், பிறகு தேதியைக் குறியுங்கள்

எல்லோரும் தேதியைத்தான் முதலில் குறிப்பார்கள். வருடப் பிறப்பு, பிறந்த நாள், தைப்பொங்கல். நான் சொல்வது, முதலில் ஒரு ஆளைப் பிடியுங்கள். அவர் உங்களுக்கு மிக நெருக்கமானவராக இருக்க வேண்டும் என்றில்லை. போன் எடுத்தால் எடுப்பவராக இருக்க வேண்டும், புத்தி சொல்லாதவராக இருக்க வேண்டும், நீங்கள் எரிந்து விழுந்தால் அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை கதைக்காமல் இருப்பவராக இருக்கக் கூடாது. முன்பு பத்தி விட்டவர் ஒருவர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, ஏனென்றால் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று அவர் ஒரு நாளும் கேட்க மாட்டார். உங்களோடு சேர்ந்து பத்துகிற நண்பரும் நீங்களும் ஒரே நாளில் விடுகிறீர்கள் என்றால் அது நல்ல பலம், ஆனால் இரண்டு பேருக்கும் வெளியில் வேறு வேறு ஆள் ஒருவராவது இருக்கட்டும். ஒருவர் விழுந்தால் மற்றவரும் அதே மணித்தியாலத்தில் விழுவதை நான் கண்டிருக்கிறேன்.

கேட்கும்போது சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "எனக்கு சப்போர்ட் பண்ணு" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது, தெரியாததால் புத்திமதிதான் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மச்சான், வெள்ளிக்கிழமையில இருந்து நான் பத்தப் போறதில்லை. முதல் ரெண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒருக்கா எனக்குக் கோல் எடு. நான் எடுத்தா அஞ்சு நிமிசம் வேற ஏதாவது கதை. கிரிக்கெட்டைப் பற்றிக் கதை, ஒண்டும் இல்லாட்டி ஊர்ப்புதினம் கதை. பத்தினியா எண்டு மட்டும் கேட்காத, பத்தினா நானே சொல்லுவன்." ஐந்து நிமிடம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிகரட் விடாய் எழும்பினால் அது அனேகமாக மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்திவிட ஒரு போன் கோல் போதும்.

இதில் நம்முடைய வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சரியாக எழுதுவதில்லை. எங்களில் நிறையப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் பத்துகிறவர்கள். இருபத்தைந்து வயதிலும் அப்பா வருகிறார் என்றால் சிகரட்டைக் கீழே போட்டு மிதிக்கிறவர்கள், கல்யாணம் கட்டும்போது "விட்டிட்டன்" என்று சொல்லிவிட்டு இன்னமும் கடற்கரைப் பக்கம் போய்ப் பத்திவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள். இவர்களால் "நான் விடப்போகிறேன், எனக்கு உதவி செய்யுங்கள்" என்று வீட்டில் எப்படிக் கேட்க முடியும்? பத்துவதே தெரியாது, அல்லது ஏற்கெனவே விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் முதல் கிழமையில் வருகிற சினம், நித்திரையின்மை, பதற்றம் எதற்கும் வீட்டில் காரணம் சொல்ல முடியாமல், இவனுக்கு என்ன வந்தது என்று ஒரு சண்டை கிளம்பி, அந்தச் சண்டையிலேயே திரும்பப் பத்தத் தொடங்குவார்கள்.

என் அபிப்பிராயத்தில் மனைவிக்கு உண்மையைச் சொல்வதுதான் நல்லது. அனேகமாக அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். சட்டையில், தலைமயிரில், விரல் நுனியில் வருகிற மணத்தை வாய் கொப்பளித்து மறைக்க முடியாது. "முந்தி விட்டிட்டன் எண்டு சொன்னது பொய், இப்ப உண்மையா விடுறன், ரெண்டு மூண்டு கிழமை நான் சினந்தா பொறுத்துக்கொள்" என்று ஒருநாள் ஆறுதலாக இருந்து சொல்லுங்கள். அன்றைக்குக் கோபம் வரும்தான், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. அடுத்த நாளில் இருந்து உங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார். அப்பா அம்மாவுக்குச் சொல்லவே முடியாது என்கிற தம்பிமார் அக்காவிடம் சொல்லுங்கள், மாமாவிடம் சொல்லுங்கள். வீட்டுக்குள் விஷயம் தெரிந்த ஒருவராவது இருந்தால், நீங்கள் எரிந்து விழும்போது "அவனை விடுங்கோ, அவனுக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்று சொல்லிச் சமாளிக்க அவர் இருப்பார்.

ஒருவரும் இல்லை என்றாலும் 1948 இருக்கிறது. புகையிலையை விட விரும்புகிறவர்களுக்கான இலக்கம் அது. ஆஸ்பத்திரிகளில் நடக்கிற ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் கிளினிக்கில் பிரஷர், சுகர் பார்ப்பதோடு சிகரட்டைப் பற்றியும் கேட்டு ஆலோசனை சொல்வார்கள், அதற்குக் காசு இல்லை. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் எந்த நாள், எந்த இடம் என்று சொல்வார்கள். மனம் மிகவும் சோர்ந்து, உயிர் வாழ்வதே பாரமாகத் தெரிந்தால் காத்திருக்காமல் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

உடம்புக்குள் நடப்பது

நிகொட்டின் உள்ளே போய் மூளையைத் தொடுவதற்குப் பத்து செக்கன் அளவுதான் எடுக்கும். போன வேகத்திலேயே அது குறையவும் தொடங்கும். இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் அது பாதியாகிவிடும், அதனால்தான் ஒன்றைப் பத்தி ஒரு மணித்தியாலம் போகமுதல் அடுத்ததைத் தேடுகிறோம். முதல் கிழமைதான் மோசம், அதிலும் இரண்டாம் மூன்றாம் நாள். சினம் வரும், தலை இடிக்கும், நித்திரை கெடும், ஒன்றிலும் மனம் பதியாது, பசி கூடும், மலச்சிக்கல் வரலாம், சிலருக்கு வாயில் புண் வரும், இருமல்கூடக் கொஞ்சம் கூடலாம். இரண்டிலிருந்து நான்கு கிழமைக்குள் இவற்றில் பெரும்பகுதி அடங்கிவிடும். இதைத் தெரிந்து வைத்திருப்பதே ஒரு துணை. மூன்றாம் நாள் உச்சத்தில் நிற்கும்போது "இனி ஆயுசுக்கும் இப்படித்தான் இருக்கப் போகுது" என்று மனம் சொல்லும், அது பொய்.

தேத்தண்ணி விஷயம் ஒன்று. சிகரட் புகை ஈரலை வேகமாக வேலை செய்ய வைத்து, தேத்தண்ணியிலும் கோப்பியிலும் இருக்கிற கஃபீனைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றும். சிகரட்டை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துவிடும், அப்போது நீங்கள் வழக்கமாகக் குடிக்கிற அதே அளவு பிளேன்ரீ உடம்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கஃபீனாக நிற்கும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், இரவு இரண்டு மணிவரை விழிப்பு எல்லாம் சிகரட் இல்லாததால்தான் வருகிறது என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், பாதிக் காரணம் தேத்தண்ணி. ஆகவே விடுகிற நாளில் இருந்து அளவைப் பாதியாகக் குறையுங்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வேண்டாம். தேத்தண்ணியும் சிகரட்டும் கையோடு கை பழகினவை என்பதால் முதல் இரண்டு கிழமைக்கு அந்த நேரத்தில் இஞ்சி மல்லி அவித்த தண்ணியோ தேசிக்காய்த் தண்ணியோ குடிப்பது இரண்டு வகையில் உதவும்.

வாய்க்கும் கைக்கும் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். வறுத்த கச்சான் நல்லது, ஒவ்வொன்றாக உடைத்துத் தோலெடுத்துத் தின்பதில் நேரமும் போகும், கையும் சும்மா இராது. கராம்பு ஒன்று, ஏலக்காய் ஒன்று வாயில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வெற்றிலை பாக்குக்கு மாறாதீர்கள். இதைத்தான் நம்முடைய பக்கத்தில் அதிகம் காண்கிறேன், சிகரட்டை விட்டுவிட்டு வாய் சிவக்கத் திரிவது. புகையிலை போடாமல் சப்பினாலும் பாக்கே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். பீடிக்கும் சுருட்டுக்கும் மாறுவதும் அப்படித்தான், அதில் எந்த இலாபமும் இல்லை.

ஊருக்குள் எங்கே எங்கே இடறும்

ஒரு கொப்பித்தாளில் நீங்கள் வழக்கமாகப் பத்துகிற இடங்களையும் நேரங்களையும் எழுதுங்கள். காலையில் கக்கூசுக்குப் போகமுதல், ஓட்டோ ஸ்டாண்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்னேரம் டச் பே கடற்கரையில், இரவு போனோடு வீட்டு வாசலில். பத்து இடம் வரும் என்று நினைப்பீர்கள், உண்மையில் நாலைந்துதான் வரும். அந்த நாலைந்துக்கும் தனித்தனியே என்ன செய்வது என்று பக்கத்தில் எழுதுங்கள். பின்னேர நேரத்துக்கு நான் நடையைத்தான் சொல்வேன். கோட்டை வாசலில் இருந்து மான்களைப் பார்த்துக்கொண்டே கோணேசர் கோயில்வரை ஏறி இறங்கினால் விடாய் ஒருமுறை வந்து போயிருக்கும், மேலே ஏறும்போது மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்பதும் தெரியும். இரண்டு மாதம் கழித்து அதே ஏற்றத்தில் மூச்சு குறைவாக வாங்குவதை நீங்களே உணர்வீர்கள். எந்தப் புத்தியையும் விட அது ஊக்கம் தரும்.

கடைக்காரரையும் உங்கள் பக்கம் எடுங்கள். எங்களுக்கு இங்கே சிகரட் தனித்தனியாகக் கிடைக்கிறது, அதில் இரண்டு தீங்கு இருக்கிறது. பெட்டியின் மேல் 80 வீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போடவேண்டும் என்று 2015இல் இருந்து நடைமுறை இருந்தும், ஒன்று ஒன்றாக வாங்குகிறவர் அந்தப் படத்தைக் காண்பதே இல்லை. சட்டைப்பையில் சில்லறை இருந்தாலே வாங்கலாம் என்பதால் யோசிக்க நேரமும் இல்லை. ஆனால் தனியாக வாங்குகிறவருக்கு ஒரு நன்மையும் உண்டு, அவர் அனேகமாக ஒரே கடையில், ஒரே ஆளிடம்தான் வாங்குவார். அந்த முதலாளியிடம் போய் "அண்ணே, நான் விட்டிட்டன், நான் வந்து கேட்டாலும் தராதீங்க" என்று சொல்லிவிடுங்கள். கிண்ணியாப் பக்கம் என்றால் கடை நானாவிடம் சொல்லுங்கள். வியாபாரம் போகிறது என்று முகம் சுளிப்பார் என்று பயப்படத் தேவையில்லை. நான் அறிந்தவரையில் அவர்கள் அதைச் சொன்னபடி காப்பாற்றுகிறார்கள், வேறு கடைக்குப் போகிற அந்த இருநூறு அடி நடையில் மனம் மாறினவர்களும் உண்டு.

வேலைத்தளத்தில் மூடிய பொது இடங்களில் புகைப்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி தடை, அதனால் அறைக்குள் ஒருவர் பத்தினால் வெளியே போகச் சொல்லிக் கேட்க உங்களுக்குத் தயக்கம் வேண்டியதில்லை. சீனன்குடாப் பக்கம் ஷிஃப்ட் வேலை செய்கிறவர்களுக்கு இரவு இடைவேளைதான் கடினம். அந்த இடைவேளையைப் பத்தாத ஒருவரோடு எடுங்கள், இரண்டு கிழமைக்கு மட்டும்.

கடலுக்குப் போகிறவர்கள் நித்திரை வராமல் இருக்கப் பத்துவதாகச் சொல்வார்கள். படகில் ஒரு இரவு முழுக்க ஓடிப்போக இடம் கிடையாது, பக்கத்தில் இருப்பவர் பத்தினால் மணம் மூக்கில்தான் வரும். ஒரே படகில் போகிற ஆட்களோடு கரையிலேயே கதைத்து, முதல் கிழமைக்காவது படகில் சிகரட் ஏற்றுவதில்லை என்று முடிவெடுக்க முடிந்தால் எடுங்கள், அது முடியாவிட்டால் காற்றுக்கு மேல்பக்கம் போய் இருந்துகொள்ளுங்கள். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பஸ் நடுவழியில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது இறங்குகிற ஆண்களில் பாதிப்பேர் பத்துவார்கள். இறங்காதீர்கள், அல்லது இறங்கி நேரே சாப்பாட்டு மேசைக்குப் போங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய இடறல் செத்த வீடு. வாசலில் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு சிகரட்டோ பீடியோ வைத்திருப்பார்கள், இரவு முழுக்கக் கண்விழித்து இருக்க வேண்டும், போனவரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு ஆண்கள் எல்லோரும் பந்தலுக்குக் கீழே பத்திக்கொண்டு இருப்பார்கள், மனமும் உடைந்திருக்கும். பல மாதம் பத்தாமல் இருந்தவர்கள் திரும்பத் தொடங்கின இடத்தைக் கேட்டால் "மாமாட செத்த வீட்டில" என்றுதான் சொல்வார்கள். அங்கே போகாமல் இருக்க முடியாது, போகவும் வேண்டும். போகமுதல் உங்கள் ஆளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். பந்தலில் இருக்காமல் வேலையில் இறங்குங்கள், கதிரை இறக்க, தேத்தண்ணி பரிமாற, வருகிறவர்களைக் கூட்டிவர எப்போதும் ஆள் தேவைப்படும். சாமத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டுவிட்டு விடிய வாருங்கள். உங்கள் வீட்டிலேயே அப்படியொன்று நடந்தால் தட்டத்தில் சிகரட் வைக்க வேண்டாம் என்று சொல்கிற துணிவு உங்களுக்கு இருக்கட்டும், யாரும் அதைக் குறையாக எடுக்க மாட்டார்கள்.

விரதமும் நோன்பும் கையில் இருக்கிற பலம்

நாளுக்கு ஒரு பெட்டி பத்துகிறவர் நோன்பு மாதத்தில் ஸஹரில் இருந்து சூரியன் மறையும்வரை ஒன்றுகூடத் தொடாமல் இருக்கிறார். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் 41 நாள் இருக்கிறார். கந்தசஷ்டிக்கு ஆறு நாள், தவக்காலத்தில் நாற்பது நாள் என்று நேர்த்தி வைத்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். "என்னால் முடியாது" என்று சொல்கிற ஒவ்வொருவரும் தன்னால் முடியும் என்பதை வருடா வருடம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீடு முழுக்கத் தெரியும், அயலுக்குத் தெரியும், கூட இருப்பவர்களும் அதையே செய்கிறார்கள், ஒருவரும் "ஒண்டு பத்து மச்சான்" என்று நீட்டுவதில்லை. ஊரே துணை நிற்கிறது.

நான் மேலே சொன்ன கணக்கை இதோடு சேருங்கள். உடம்பின் தொல்லை நான்கு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றால், 41 நாள் முடிந்து மாலை கழற்றுகிற அன்று உங்கள் உடம்பு ஏற்கெனவே விட்டுவிட்டது. அன்றைக்குப் பத்துகிற அந்த ஒன்று பழக்கத்துக்காக மட்டும் பத்துகிற ஒன்று, அதுதான் எல்லாவற்றையும் திரும்பத் தொடக்கி வைக்கிறது. மாலை கழற்றுகிற நாளுக்கு ஏற்பாடு செய்யுங்கள். குருசாமியிடமே சொல்லி வையுங்கள், அன்று பின்னேரம் வீட்டு ஆட்களோடு கன்னியாவுக்கோ நிலாவெளிக்கோ போங்கள். நோன்பில் நிலைமை வேறு, பகலில் விட்டதை நோன்பு திறந்த கையோடு ஈடுகட்டுகிறவர்களுக்கு உடம்பு விடுபடுவதே இல்லை. இரவையும் சேர்த்து விடுவதற்கு அந்த மாதத்தைவிட நல்ல மாதம் கிடைக்காது, பள்ளிக்கு ஒன்றாகத் தொழப் போகிற ஒருவரைத் துணையாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இறைவன் பேரில் நேர்ந்து விட்டதை இடையில் முறித்துவிட்டால் குற்ற உணர்ச்சி பெரிதாக வந்து ஆளை மேலும் தள்ளும் என்பதும் உண்மை. அதனால் நேர்த்தி வைக்கிறவர்கள் மனிதத் துணையையும் சேர்த்தே வையுங்கள்.

பக்கத்தில் நிற்கப் போகிறவர்களுக்கு

நீங்கள் மனைவியாக இருக்கலாம், அக்காவாக, நண்பராக இருக்கலாம். சட்டைப்பையைத் தடவிப் பார்க்காதீர்கள், வாயை மணந்து பார்க்காதீர்கள், பிள்ளையை விட்டு உளவு பார்க்க வைக்காதீர்கள். பிடிபட்டுவிடுவோம் என்கிற பயத்தில் ஒருவர் சிகரட்டை விடுவதில்லை, ஒளிக்கத்தான் பழகுகிறார், நீங்கள் ஒரு துணை என்கிற எண்ணமும் அதோடு போய்விடும். "போன முறையும் இப்படித்தான் சொன்னீங்க" என்கிற வசனம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் இந்த நாட்களில் வேண்டாம். அவர் சினப்பது உங்கள் மேல் இல்லை. பதிலுக்குச் சினக்காமல் அடுத்த அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தால் அவரே தணிந்திருப்பார்.

செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். வீட்டில் இருக்கிற சாம்பல் தட்டை, லைட்டரை எடுத்துப் போடுங்கள். சிகரட் மணக்கிற சட்டைகளைத் தோய்த்து வையுங்கள். சாப்பிட்டு முடித்த உடனே அவரை மேசையில் இருந்து எழுப்பி ஏதாவது ஒரு வேலைக்கு அனுப்புங்கள், கடைக்கு மட்டும் வேண்டாம். நீங்களும் பத்துகிறவர் என்றால் அவருக்கு முன்னால் பத்தாதீர்கள், மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒன்று பெரிய உதவி. நடப்பதை அவருக்குச் சொல்லிக்கொண்டே இருங்கள். கடைசி சிகரட்டில் இருந்து இருபது நிமிடத்தில் இதயத் துடிப்பும் பிரஷரும் இறங்கத் தொடங்கும், பன்னிரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் இருக்கிற காபன் மொனொக்சைட் சாதாரண அளவுக்கு வரும், இரண்டிலிருந்து பன்னிரண்டு கிழமைக்குள் இரத்த ஓட்டமும் நுரையீரலும் தேறும், ஒரு வருடத்தில் மாரடைப்பு வரக்கூடிய ஆபத்து பத்துகிறவருக்கு இருப்பதில் பாதியளவுக்கு இறங்கும். அந்தந்த நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டினால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

காசைச் சீட்டில் போடுங்கள்

ஒரு சிகரட் 100 ரூபாய் என்று குறைத்தே பிடிப்போம். நாளுக்கு ஆறு என்றால் 600, மாதத்துக்கு 18,000, வருடத்துக்கு 219,000. இந்தக் கணக்கைக் கேட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆனால் மிஞ்சிய காசு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும், அதனால் ஊக்கமும் வராது. அயலில் நம்பிக்கையான ஆட்கள் பிடிக்கிற சீட்டு ஒன்றில் அந்தக் காசைப் போடுங்கள். கிழமைக்குக் கிழமை கட்டியே ஆகவேண்டும், பத்தினால் கட்டக் காசு இராது, கட்டாவிட்டால் அக்கம்பக்கத்தில் முகம் கொடுக்க முடியாது. சீட்டு விழுகிற மாதத்தில் அந்தக் காசில் என்ன வாங்குவது என்பதை இன்றைக்கே பிள்ளைகளோடு இருந்து தீர்மானியுங்கள். சைக்கிளோ, வீட்டுக்கு ஓடு மாற்றுவதோ, எதுவானாலும் அதன் பெயரை வீட்டில் அடிக்கடி சொல்ல வேண்டும்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக

நிகொட்டின் சுவிங்கமும் உடம்பில் ஒட்டுகிற பட்டியும் உண்மையில் வேலை செய்கிறவை, அவை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. எல்லாப் பார்மசியிலும் இருக்காது, டாக்டரிடம் கேட்டு எடுப்பிக்க வேண்டியிருக்கும். சுவிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று வரும், காலையில் எழும்பி அரைமணிக்குள் முதல் சிகரட் தேடுகிறவருக்கு 4. அதைச் சாதாரண சுவிங்கம் போல விடாமல் சப்பக் கூடாது. காரம் வரும்வரை மெல்லச் சப்பி, கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் திரும்பச் சப்ப வேண்டும், அரைமணி நேரம் அளவில். போடுவதற்குப் பதினைந்து நிமிடத்துக்கு முதல் தேத்தண்ணி, கோப்பி, சோடா குடித்தால் மருந்து சரியாக உள்ளே போகாது. இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. முட்டுக்காகத் தியோபிலின் குளிசை எடுக்கிறவர்களுக்கும், மனநலக் கிளினிக்கில் ஒலன்சபின், குளோசபின் எடுக்கிறவர்களுக்கும் சிகரட்டை நிறுத்தினால் அந்த மருந்து உடம்பில் கூடி நிற்கும். விடுகிற தேதியைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். இதற்குப் பயந்து சிகரட்டை விடாமல் இருக்கவும் வேண்டாம், மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒன்று பத்திவிட்டால்

நடக்கலாம். விழுந்தால் அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே உங்கள் ஆளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒன்று பத்தியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஒரு பெட்டியை வாங்குவதுதான் உண்மையான விழுகை. சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் ஒளித்தால் அந்த இரண்டு நாளில் பழைய கணக்குக்குப் போய்விடுவீர்கள். சொன்ன பிறகு இரண்டு பேருமாக எந்த இடம், என்ன நேரம், யார் நீட்டினது, மனம் எப்படி இருந்தது என்று பாருங்கள், கொப்பித்தாளில் அந்த இடத்தையும் சேர்த்து அதற்கு ஒரு வழி எழுதுங்கள். குடியோடு சேர்ந்துதான் நடந்தது என்றால், அனேகமாக அப்படித்தான் இருக்கும், முதல் இரண்டு மாதத்துக்குக் குடிக்கிற கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு நல்ல வழி இல்லை.

மூன்று மாதம் தாண்டினதும் இன்னொரு ஆபத்து வரும். எல்லோரும் விசாரிப்பதை நிறுத்திவிடுவார்கள், கோல் வராது, நீங்களும் சரியாகிவிட்டோம் என்று நினைப்பீர்கள், நல்லாக இருக்கிற ஒரு பின்னேரத்தில் "ஒண்டே ஒண்டு" என்று மனம் கேட்கும். அந்த ஒன்று வேண்டாம். உங்கள் ஆளிடம் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள்: முதல் இரண்டு கிழமை தினமும், பிறகு கிழமைக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு வருடம் முடியும்வரை மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்துக் கேள் என்று. அவர் மறந்துபோனால் நீங்களே எடுங்கள்.